வாடிக்கையாளரும் வேண்டாம், சரக்கும் வேண்டாம்: பாரிசில் வீட்டுத்தொழிலின் வரலாறு

பாரிசில் ஒருவர் தன் வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யலாமா? இந்தக் கேள்விக்குப் பிரெஞ்சுச் சட்டம் தரும் பதில் ஒரே வசனத்துக்குள் அடங்கிவிடும். கட்டட, வீடமைப்புச் சட்டக்கோவையின் எல் 631-7-3 என்ற பிரிவு அது. வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்யலாம், வணிகமும் செய்யலாம். ஆனால் அந்த வீட்டை முதன்மை வதிவிடமாகக் கொண்டவர்கள் மட்டுமே செய்யவேண்டும். வாடகை ஒப்பந்தமோ கட்டடத்தின் கூட்டுரிமை விதிகளோ அதைத் தடுத்திருக்கக்கூடாது. வீட்டுக்கு வாடிக்கையாளரும் வரக்கூடாது, சரக்கும் வரக்கூடாது. இவ்வளவும் பொருந்தினால் மாநகரசபையிடம் அனுமதி கேட்கவே தேவையில்லை.

லாச்சப்பலில் நாற்பது ஆண்டுகளாகப் புழங்கும் பேச்சு வேறு. வீட்டில் தொழில் செய்தால் பிடிப்பார்கள், வீட்டைப் பறிப்பார்கள், விசாவுக்கும் பிரச்சினை வரும் என்பதுதான் அது. அந்தப் பயத்தோடேயே சட்டை தைத்தார்கள், பலகாரம் சுட்டார்கள், பிறந்தநாள் கேக் அடித்தார்கள், சாமத்தியவீட்டுக்கு மணவறை சோடித்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அநேகமாகப் பெண்கள். சட்டம் எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை. தடுக்கப்படாததையும் ஒளித்துச் செய்ததால் அவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு பெரியது. அதைப் புரிந்துகொள்ள, இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும்.

தொழிற் சுதந்திரமும் நாற்றமும்

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் பாரிசில் தையற்காரரோ பாண்காரரோ தான் நினைத்த இடத்தில் தொழில் தொடங்கிவிட முடியாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது, அது அனுமதிக்கவேண்டும். 1791 மார்ச்சில் வந்த அலார்த் ஆணை அந்தச் சங்கங்களின் பிடியை அறுத்தது. உரிய வரியைக் கட்டினால் எவரும் எந்தத் தொழிலையும் செய்யலாம் என்றது. வீடு, கடை என்ற பிரிவினை அந்த ஆணையில் இல்லை. ஏனென்றால் அந்தக் காலத்துப் பாரிசில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. கீழே கடை, பின்னால் பட்டறை, மேலே குடும்பம்.

தொழிலையும் குடியிருப்பையும் பிரிக்கும் முதலாவது பெரிய விதி 1810 ஒக்டோபர் 15 இல் நெப்போலியன் காலத்தில் வந்தது. அதன் அக்கறை நாற்றம். தோல் பதனிடுவோர், கொழுப்பு உருக்குவோர், பசை காய்ச்சுவோர் ஆகியோரைப் பற்றி அயலவர்கள் முறையிட்டபடி இருந்தார்கள். ஆணை தொழில்களை மூன்று வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பு குடியிருப்புகளிலிருந்து தள்ளியிருக்கவேண்டும். இரண்டாம் வகுப்பு, தொல்லை தராது என்று உறுதிப்படுத்தினால் இருக்கலாம். மூன்றாம் வகுப்பு வீடுகளின் அருகிலேயே இருக்கலாம், ஆனால் கண்காணிப்பு உண்டு. எந்தத் தொழில், எவ்வளவு தூரம், யாருடைய அனுமதி என்ற மூன்று கேள்விகளும் ஒன்றாக எழுந்தது அப்போதுதான்.

லாச்சப்பல் அந்த நாளில் பாரிசின் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். 1846 இல் வடக்குத் தொடருந்து நிலையமும் 1849 இல் கிழக்குத் தொடருந்து நிலையமும் அருகில் திறக்கப்பட்டன. 1860 ஜனவரி 1 இல் அந்தக் கிராமம் பாரிசோடு இணைக்கப்பட்டது. இன்று நாம் கறிவேப்பிலையும் கருவாடும் வாங்கப்போகும் வீதிகளின் பெயர்களில் அந்தக் காலம் இருக்கிறது. ரூ காய் என்பது தொடருந்து இயந்திரங்கள் செய்த ஜோன்-பிரான்சுவா காயின் பெயர். ரூ பெர்டொனே தொடருந்துப் பொறியியலாளர் ஒருவருடையது. ரூ பிலிப் து ஜிரார், சணல் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவருடையது. ரூ லூயி பிளான், தொழிலை எப்படி ஒழுங்கமைப்பது என்று 1839 இல் எழுதிய சோசலிசவாதியினுடையது. வேலையின் பெயரால் எழுந்த ஊர் இது.

வேலை தொழிற்சாலைக்குள் மட்டும் இருக்கவில்லை. லாச்சப்பலுக்குப் பக்கத்திலுள்ள கூத்-டோர் பகுதியில் நடக்கும் எமில் சோலாவின் 'லசொம்முவார்' நாவல் 1877 இல் நூலாக வந்தது. அதில் கதாநாயகி ஜெர்வேஸ் சலவைக்கடை நடத்துகிறாள், கடையோடு சேர்ந்த அறைகளிலேயே குடும்பமும் வாழ்கிறது. அவளுடைய நாத்தனாரும் கணவரும் அடுக்குமாடியின் மேல்மாடியில், தங்கள் வீட்டு அறைக்குள்ளேயே தங்கச் சங்கிலி செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டிப் பக்கத்துப் பொற்கொல்லர் வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்த அறை அந்நியமாக இராது. உமியோட்டுக்குப் பதில் அங்கே அடுப்பு. மற்றபடி பட்டறை, வீடு, தூசியில் சிந்தும் பொன்துகள் எல்லாம் ஒன்றுதான்.

வீட்டுக்குள் தைத்தவர்கள்

தையல் இயந்திரம் வந்த பின்னர் பாரிசின் ஆடைத் தொழில் வீடுகளுக்குள் பரவியது. பெரிய கடைகள் துணியை வெட்டி ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். ஒப்பந்தக்காரர் அதை வீடு வீடாகப் பெண்களிடம் கொடுப்பார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நூலும் விளக்கெண்ணெயும் அவர்கள் செலவு. பகலும் இரவும் தைத்தாலும் வயிறு நிரம்பாத கூலி அது.

இந்தப் பெண்களுக்காக வந்த சட்டம் 1915 ஜூலை 10 ஆம் திகதியது. முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளை. ஆடைத் தொழிலில் வீட்டிலிருந்து வேலைசெய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி இருக்கவேண்டும் என்றது அது. அதற்காக உழைத்தவர்களில் ஜான் பூவியே என்ற தையற்காரி முக்கியமானவர். 1865 இல் பிறந்து, சிறுவயதிலேயே தொழிற்சாலை வேலைக்குப் போய், பின்னர் பாரிசில் தைத்துப் பிழைத்து, தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர் அவர். 1957 ஜூலை 26 இல் வந்த இன்னொரு சட்டம், வீட்டிலிருந்து பிறருக்காக வேலைசெய்பவரும் தொழிலாளியே என்று அவருடைய நிலையை வகுத்தது.

வீட்டில் வேலைசெய்வது குற்றம் என்று இந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. அந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் சுரண்டப்படுகிறது என்றன. பதிவேடு வை, கூலியை எழுது, வேலை கொடுப்பவனின் பெயரைச் சொல் என்பதே அவற்றின் சாரம்.

சலவைக்காரர்களின் வழக்கு

இதே காலத்தில் அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. 1880 இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை ஒரு விதி செய்தது: மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்துவதற்குச் சபையின் அனுமதி வேண்டும். நகரில் ஏறத்தாழ 320 சலவைக்கடைகள் இருந்தன. அவற்றில் 310 அளவில் மரக் கட்டடங்கள். 240 அளவில் சீனர்களுடையவை. அனுமதி கேட்ட சீனர்கள் ஏறத்தாழ 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாதோரில் ஒருவர் தவிர எல்லோருக்கும் அனுமதி. யிக் வோ என்ற சலவைக்கடையின் பெயரால் அறியப்படும் வழக்கில் 1886 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் சமமாக இருக்கும் சட்டம் ஓர் இனத்துக்கு எதிராகக் கையாளப்பட்டால் அது சமத்துவ மறுப்பே என்றது. இதற்கு ஓர் ஆண்டு முன்னர் கலிபோர்னியாவின் மொடெஸ்ட்டோ என்ற சிற்றூர், சலவைக்கடைகளை ஊரின் ஒரு பகுதிக்குள் மட்டும் ஒதுக்கியிருந்தது. அமெரிக்காவில் நகர நிலத்தை வகுத்து இன்ன இடத்தில் இன்ன தொழில் என்று கட்டுப்படுத்தும் முறையின் வரலாற்றை எழுதுவோர் பலர் அந்த ஊரிலிருந்து தொடங்குவதுண்டு. 1916 இல் நியூயோர்க் முழு நகரத்தையும் அப்படி வகுத்தது.

அங்கே வீடு ஒரு வலயம், கடை இன்னொரு வலயம். வீட்டில் தொழில் செய்வதற்குச் சிறப்பு அனுமதி தேவைப்படும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ரொறன்ரோவிலோ நியூஜேர்சியிலோ இருக்கும் எமது உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் வலயக் கட்டுப்பாடுகளின் மூலம் இது. பாரிஸ் அந்த வழியில் போகவில்லை. இங்கே ஒரே கட்டடத்தில் கீழே நகைக்கடை, முதல் மாடியில் பல் வைத்தியர், மேலே ஆறு குடும்பங்கள். நகரம் அதை ஒருபோதும் தவறென்று நினைக்கவில்லை. பாரிசில் வீட்டுத்தொழிலுக்குக் கட்டுப்பாடு வந்தது வேறொரு காரணத்தால்.

1945: தற்காலிக விதி

1945 இல் போர் முடிந்தபோது பிரான்சில் வீடு இல்லை. ல ஆவ்ர், பிரெஸ்ட், கான் போன்ற நகரங்கள் குண்டுவீச்சில் அழிந்திருந்தன. பாரிஸ் அழியவில்லை, ஆனால் அங்கே ஆண்டாண்டாகப் புதிய வீடுகள் கட்டப்படாமல் இருந்தன. மக்கள் வந்து குவிந்தார்கள். இருக்கும் வீடுகளை அலுவலகமாகவும் கிடங்காகவும் மாற்றினால் உரிமையாளருக்குக் கூடுதல் வருமானம், குடும்பங்களுக்கோ இடமில்லை.

1945 ஒக்டோபர் 11 இல் ஓர் அரசாணை வந்தது. வீட்டு நெருக்கடியைத் தீர்ப்பதற்கான விதிவிலக்கான, தற்காலிக நடவடிக்கைகள் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. குடியிருப்பை முன்னனுமதி இல்லாமல் வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது என்றது. வெறுமையாகக் கிடக்கும் இடங்களை அரசு எடுத்து, வீடற்றோருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. 1954 பெப்ரவரியில், கடுங்குளிரில் வீதியில் மனிதர்கள் இறந்தபோது வானொலியில் அபே பியர் விடுத்த வேண்டுகோளைப் பிரான்ஸ் இன்றும் நினைவுகூர்கிறது. இந்த விதி பிறந்த காலத்தின் நிலை அதுதான்.

தற்காலிகம் என்று வந்த விதி போகவில்லை. 1978 இல் உருவான கட்டட, வீடமைப்புச் சட்டக்கோவைக்குள் எல் 631-7 என்ற எண்ணோடு புகுந்தது. எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. இந்த விதி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நகரம் ஒரு குடியிருப்பை இழக்கிறதா? ஒரு பெண் தன் படுக்கையறையின் மூலையில் தையல் இயந்திரம் வைத்திருந்தால், இரவில் அதே அறையில் குடும்பம் படுத்துறங்கினால், நகரம் எதையும் இழக்கவில்லை. எல் 631-7-3 கொடுக்கும் விலக்கின் நியாயம் இதுதான். வாடிக்கையாளரும் சரக்கும் வரக்கூடாது என்பது அயலவர்களின் படிக்கட்டையும் தூக்கத்தையும் காப்பதற்கு. 1810 இன் நாற்றமும் 1945 இன் அறையும் அந்த வசனத்தில் சந்திக்கின்றன.

இதே காலத்தின் இன்னொரு விதியையும் சொல்லவேண்டும். பாரிஸ் அடுக்குமாடிகளின் கூட்டுரிமை விதிகளில் 'பூர்சுவா குடியிருப்பு' என்றொரு வாசகம் அடிக்கடி வரும். அது சாதாரண வடிவில் இருந்தால், வைத்தியரும் வழக்கறிஞரும் அங்கே தொழில் செய்யலாம். வணிகரும் கைவினைஞரும் செய்யக்கூடாது. கடுமையான வடிவில் இருந்தால் எவருமே செய்யக்கூடாது. வைத்தியரிடம் நாளுக்கு முப்பது பேர் படியேறி வரலாம், தையற்காரியிடம் மூன்று பேர் வரக்கூடாது. வர்க்கத்தின் கோடு வீட்டுக் கதவிலேயே கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இது அரசின் சட்டமன்று. வீட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்.

லாச்சப்பலுக்கு எம்மவர் வந்தபோது

1970களின் பிற்பகுதியில் ஈழத்திலிருந்து சில இளைஞர்கள் பாரிசுக்கு வரத் தொடங்கினார்கள். 1983 யூலைக்குப் பின்னர் அது பெருகியது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்த தமிழர்கள் முன்னரே இங்கு இருந்தார்கள். அவர்களுடைய வழி வேறு. எமது ஆட்கள் ஒப்ராவில் அகதி விண்ணப்பம் கொடுத்து, றெசிப்பிசே என்ற தற்காலிகப் பத்திரத்தோடு உணவகச் சமையலறைகளிலும் துப்பரவு வேலைகளிலும் நின்றார்கள். 1991 செப்ரெம்பர் 26 ஆம் திகதிச் சுற்றறிக்கை வரும்வரை அகதி விண்ணப்பதாரர் வேலை செய்ய அனுமதி இருந்தது. அதன் பின்னர் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

தொழில் தொடங்குவது இன்னொரு படி. வெளிநாட்டவர் வணிகம் செய்வதற்குத் தனி அட்டை வேண்டும் என்று 1938 நவம்பரில், போருக்கு முந்தைய அச்சத்தில், ஓர் ஆணை வந்திருந்தது. 1984 ஜூலை 17 ஆம் திகதிச் சட்டம் பத்தாண்டு வதிவிட அட்டையை உருவாக்கியது. அது கையில் இருந்தால் பிரான்சில் எந்தத் தொழிலும் செய்யலாம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு அந்த அட்டை உரிமையாகவே கிடைத்தது. எமது முதற் பெரிய அலை வந்த வேளையும் அந்தச் சட்டம் வந்த வேளையும் ஒன்றாக அமைந்தன. போபூர் சன்-டெனி வீதியின் மேற்பகுதியில் பலசரக்குக்கடை, புடவைக்கடை, வீடியோக்கடை, நகைக்கடை என்று எழுந்ததற்கு இந்த அட்டை ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம் சீட்டு. வங்கி கடன் தராத இடத்தில் சீட்டுக்காசு கடையின் முற்பணமாயிற்று.

கடைக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பும் வைத்திருந்தது. 1953 செப்ரெம்பர் 30 ஆம் திகதி ஆணையின்படி வணிக வாடகை ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது. முடிவில் புதுப்பிக்க மறுத்தால் உரிமையாளர் நட்டஈடு கொடுக்கவேண்டும். கடைக்காரன் தன் பெயரைப் பலகையில் எழுதினான். வணிகப் பதிவேட்டில் அவனுடைய பெயர் ஏறியது. மாணிக்கப் பிள்ளையார் கோயில் 1985 இல் தொடங்கி வளர்ந்தது. ஓகஸ்ட் கடைசியில் தேர் வீதிக்கு வந்தபோது கடைகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தன. இன்று லாச்சப்பலின் வரலாறு என்று எழுதப்படுவதெல்லாம் இந்தக் கடைகளின், இந்தத் தேரின் வரலாறு.

அந்தக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பயத்தம்பணியாரமும் சிப்பியும் எங்கே செய்யப்பட்டன? புடவைக்கடையில் வாங்கிய சேலைக்குச் சட்டை எங்கே தைக்கப்பட்டது? லா கூர்னேவ், பொபினி, சார்சேல் என்று புறநகர் அடுக்குமாடிகளில். குடும்பங்கள் அங்கேதான் வாழ்ந்தன. லாச்சப்பல் முகமென்றால் அந்த வீடுகள் சமையலறை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 2000களின் சீர்திருத்தத்துக்குப் பின்னர் எல் 631-7 இன் கட்டுப்பாடு பாரிசுக்கும், 2 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும், பாரிசைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. லா கூர்னேவும் பொபினியும் இருக்கும் சேன்-சன்-டெனி அந்த மூன்றில் ஒன்று. சில கிலோமீற்றர் வடக்கே, சார்சேல் இருக்கும் வல்-துவாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே தொடருந்தில் வரும் இரண்டு அக்காமாருக்கு இரண்டு சட்ட நிலை. இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்.

நான்கு கதவுகள்

பயம் முழுக்கப் பொய்யானதன்று. வீட்டுத்தொழில் செய்பவர் தாண்டவேண்டிய கதவுகள் நான்கு. அவற்றை ஒன்றாகக் குழப்பியதுதான் சிக்கல்.

முதலாவது, வாடகை ஒப்பந்தம். குடியிருப்புக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தால், மாநகரசபை எதுவும் சொல்லாவிட்டாலும் உரிமையாளர் கேள்வி கேட்கலாம். அஷ்-எல்-எம் எனப்படும் சமூக வீடுகளில் அந்த வாசகம் வழக்கமானது.

இரண்டாவது, கூட்டுரிமை விதிகள். சொந்தமாக வீடு வாங்கியவர் தன் வீட்டுக்குத் தான்தான் ராசா என்று நினைப்பார். சிண்டிக்கிடமிருந்து கடிதம் வரும்போதுதான் அப்படி இல்லையென்று தெரியவரும்.

மூன்றாவது, மாநகரசபை. பிரெஞ்சுச் சட்டம் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது ஒன்று. அது நகரத் திட்டமிடற் சட்டத்தின் கீழ் வரும். ஓர் இடத்தை இப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னொன்று. அது 1945 இன் வழிவந்த சட்டத்தின் கீழ் வரும். இரண்டாவதற்கு முன்னர் மாவட்ட அரச அதிபரான பிரிபேயிடம் போகவேண்டும். 2009 ஏப்ரில் 1 முதல் மேயரிடம். வீட்டுக்கு வாடிக்கையாளர் வருவதாயின், அங்கேயே தொடர்ந்து வாழ்ந்துகொண்டு ஒரு பகுதியை மட்டும் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம். அந்த அனுமதி ஆளுக்குரியது. அவர் தொழிலை விட்டால் அதுவும் முடிந்தது. அறை மறுபடி வீடாகும். வீட்டை நிரந்தரமாகக் கடையாக்க வேண்டுமானால் பாரிசில் ஈடு கேட்பார்கள்: வேறு எங்காவது வணிக இடமொன்றைக் குடியிருப்பாக மாற்றிக் கொடுக்கவேண்டும். அப்போது அனுமதி ஆளோடு போகாது, இடத்தோடு நிற்கும்.

நான்காவது, அந்தந்தத் தொழிலுக்குரிய விதி. சமைத்து விற்பதற்கு முன்னர் மாவட்ட அலுவலகத்தில் பதியவேண்டும். 2004 ஆம் ஆண்டின் 852 ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதி, முதன்மையாகக் குடியிருப்பாக இருக்கும் வீட்டில் விற்பனைக்கு உணவு செய்வதைத் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கான சுகாதார நிபந்தனைகளைச் சொல்கிறது. அதாவது, வீட்டுச் சமையலறையை ஐரோப்பா அறியும். தலைமுடி வெட்டவும் முகத்துக்கு அழகுசெய்யவும் தகைமைச் சான்றிதழ் வேண்டும். பிள்ளை பார்ப்பதற்கு மாவட்டத்தின் அங்கீகாரம் வேண்டும். 1977 மே 17 ஆம் திகதிச் சட்டம் அந்த வேலைக்கு ஒரு தகுதிநிலையைக் கொடுத்தது. வீட்டுக்குள் அந்நியரின் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பதையே பிரெஞ்சு அரசு தொழிலாக ஏற்றுக்கொண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இந்த நான்கும் தனித்தனி. ஒன்றில் அனுமதி கிடைத்தால் மற்றதில் கிடைத்ததாகாது. ஒன்றில் தடையிருந்தால் எல்லாமே தடை என்றுமில்லை.

2003 க்குப் பின்னர்

2003 ஓகஸ்ட் 1 ஆம் திகதிச் சட்டம், தொழிலின் முகவரி வேறு, தொழில் நடக்கும் இடம் வேறு என்பதைத் தெளிவாக்கியது. கடையோ அலுவலகமோ இல்லாத ஒருவர் தன் வீட்டு முகவரியில் தொழிலைப் பதியலாம். அதனால் வீடு கடையாகிவிடாது. கல்யாண மண்டபத்தில் சோடனை செய்பவர், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் மருதாணி போடுபவர், படம் எடுப்பவர் எல்லோருக்கும் இது போதும்.

2008 ஓகஸ்ட் 4 ஆம் திகதிச் சட்டம் ஓட்டோ-ஆந்திரப்ரனர் என்ற எளிய முறையைக் கொண்டுவந்தது. 2009 ஜனவரி 1 முதல் ஒருவர் சில படிவங்களோடு தொழிலைத் தொடங்கலாம். விற்றதற்கு ஏற்பக் கட்டினால் போதும், விற்காத மாதத்தில் கட்டுப்பணம் இல்லை. ஆனால் கட்டியது ஓய்வூதியக் கணக்கில் ஏறும்.

அதேவேளை 1945 இன் பழைய விதி புதிய பல்லோடு திரும்பியது. அதற்குக் காரணம் எயார்பிஎன்பி. உல்லாசப் பயணிகளுக்கு வீடுகளை நாள்வாடகைக்கு விடுவது பெருகியபோது பாரிஸ் மாநகரசபை எல் 631-7 ஐத் தூசி தட்டி எடுத்தது. 2020 செப்ரெம்பர் 22 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதி நியாயமானது என்று ஏற்றது. தண்டப்பணம் 25,000 யூரோவிலிருந்து 2016 இல் 50,000 ஆகவும், 2024 நவம்பர் 19 ஆம் திகதிச் சட்டத்தால் 1 இலட்சம் யூரோவாகவும் உயர்ந்தது. செய்தியில் அந்தத் தொகையைக் கேட்ட எமது அம்மாமார் மறுபடி பயந்தார்கள். அந்தச் சட்டம் குறிவைத்தது வீட்டைக் குடியிருப்பு அல்லாததாக்கி இலாபம் பார்ப்பவர்களை. குடும்பத்தோடு வாழும் வீட்டில் முறுக்குப் பிழிந்து கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவரையன்று.

எழுதப்படாத பெயர்கள்

ஒளித்துச் செய்த தொழிலுக்கு இரண்டு விலை. ஒன்று காசு. பிரான்சில் ஓய்வூதியம் காலாண்டுக் கணக்கில் சேர்கிறது. முப்பது ஆண்டுகள் விடிய நான்கு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து விற்ற ஒருவருடைய கணக்கில் அந்த முப்பது ஆண்டுகளும் வெறுமையாக இருக்கலாம். இப்போது அறுபதுகளில் இருக்கும் அந்தத் தலைமுறை, பிள்ளைகளின் கையையோ முதியோருக்கான உதவித்தொகையையோ எதிர்பார்க்கவேண்டியிருக்கிறது. உழைக்காததால் அல்ல, உழைத்தது எங்கும் பதியப்படாததால்.

இதற்குச் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. 1980களில் அவர்களுக்குத் திறந்திருந்த வழிகள் குறைவு, மொழியும் இல்லை. ஆனால் 2009 க்குப் பின்னரும் பலர் பதியாமல் இருந்ததற்கு எமது சமூகத்திலும் காரணம் உண்டு. கடை நடத்திய ஆணை முதலாளி என்றோம். அந்தக் கடைக்குப் பலகாரம் கொடுத்த பெண்ணை, வீட்டில் சும்மா இருக்கிறவ, கைச்செலவுக்குச் செய்கிறா என்றோம். பதியத் தேவையான தொழில் என்று அதை நாங்களே நினைக்கவில்லை.

இரண்டாவது விலை வரலாறு. ஜான் பூவியே தன் சங்க வேலைகளோடு நிற்கவில்லை. தான் செய்த தொழிலின் வரலாற்றை, உள்ளாடை தைத்த பெண்களின் வரலாற்றை, 1928 இல் நூலாக எழுதினார். 1936 இல் தன் நினைவுகளையும் எழுதினார். அவர் சேர்த்த தாள்கள் இன்று பாரிஸ் நகர வரலாற்று நூலகத்தில் இருக்கின்றன. பாரிசின் வீட்டுத் தையற்காரிகளைப் பற்றி இன்று எவரும் எழுத முடிகிறதென்றால், அவர்களில் ஒருத்தி எழுதி வைத்ததும் அதற்கொரு காரணம்.

எமது வீடுகளில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. யாருக்கு எத்தனை சட்டை, என்ன அளவு என்று எழுதிய பழைய கொப்பிகள். சாமத்தியவீட்டு ஓடர்கள் குறித்த கலண்டர்கள். சீட்டுக் கணக்குகள். அவற்றை எறியவேண்டாம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். அம்மாவின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, குடியிருப்புக்கு மட்டும் என்று அதில் உண்மையாகவே எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். இன்னும் தொழில் செய்கிறவரைப் பதிவதற்கு அழைத்துப் போகலாம். நிறுத்திவிட்டவரிடம் அந்தக் கொப்பியை வாங்கி, பக்கம் பக்கமாக என்ன என்று கேட்டு எழுதி வைக்கலாம்.